லோகோவுக்குள் திருகோணமலை முழுவதையும் அடைக்கலாமா? குறிகள் அர்த்தம் தருகிற விதம் பற்றி

கேள்வி இது: "உப்புவெளியில் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற ஒரு படகுச் சேவைக்கு லோகோ செய்தேன். திருகோணமலை என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கோணேசர் கோயில் கோபுரம், மான், நங்கூரம், தென்னை, சூரியன், திமிங்கிலம் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் போட்டேன். படிப்பிக்கிற சேர் பார்த்துவிட்டு, 'குறி நிறைய இருக்கு, அர்த்தம் ஒன்றும் இல்லை, குறியியல் படி' என்று சொல்லிவிட்டார். குறியியல் உண்மையில் டிசைனுக்கு உதவுமா, இல்லை பரீட்சைக்கு மட்டும்தானா?"

உதவும், தங்கச்சி. ஆனால் பல இடங்களில் படிப்பிக்கிற மாதிரிப் படித்தால் உதவாது. சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் இயற்கை என்று ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அதைத் தூக்கி எறியுங்கள். எந்தக் குறியும் தனக்குள் ஓர் அர்த்தத்தை வைத்துக்கொண்டு திரிவதில்லை. பக்கத்தில் என்ன நிற்கிறது, அந்த இடத்தில் வேறு என்ன வந்திருக்கலாம், பார்க்கிறவர் எந்தப் பழக்கத்தோடு வருகிறார் என்ற மூன்றும் சேர்ந்துதான் அர்த்தம் பிறக்கிறது. குறிகள் எப்படி அர்த்தம் தருகின்றன என்று ஆராய்கிற குறியியலில் டிசைனருக்கு வேண்டிய பகுதி பெரும்பாலும் இவ்வளவுதான்.

எங்கள் ஊர் அச்சகங்களில் தினமும் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணக் கார்டில் குத்துவிளக்குப் போடுகிறோம், மங்கலம். ஒரு மனிதரின் மார்பளவுப் படத்துக்குப் பக்கத்தில் ஒற்றைத் தீபம் ஒன்றை வைத்துச் சுற்றிவர ஒரு கறுப்புக் கோடு இழுத்துப் பாருங்கள், ஒரு எழுத்துக்கூட வேண்டாம், ஆள் செத்துப்போனார். அது கண்ணீர் அஞ்சலி. இரண்டிலும் எரிவது விளக்குத்தான், சிரிக்கிறவர் முகமும் அதே முகம்தான். அதனால்தான் ஐம்பதாவது பிறந்தநாள் பனருக்கு அப்பாவின் பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுவருகிற பிள்ளைகளிடம், கொஞ்சம் சரிந்து நின்று சிரிக்கிற படம் ஏதும் இல்லையா என்று கேட்பது. நேராகப் பார்க்கிற முகம், வட்டச் சட்டம், பூ, விளக்கு என்று நாலும் ஒன்று சேர்ந்தால் சந்தியில் நிற்கிற சனம் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிடும்.

இதைக் கோட்பாடாகச் சொன்னவர் சுவிஸ் மொழியியலாளர் பெர்டினன்ட் டி சொசூர். அவர் 1913 இல் காலமானார், அவருடைய விரிவுரைகளை மற்றவர்கள் தொகுத்து 1916 இல் வெளியிட்டார்கள். குறிக்கு இரண்டு பக்கம் என்றார்: கண்ணுக்கோ காதுக்கோ படுகிற வடிவம் குறிப்பான், அது மனத்தில் எழுப்புகிற கருத்து குறிப்பீடு. இந்த இரண்டையும் பரீட்சைத் தாளில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் டிசைனருக்கு முக்கியம்: ஒரு குறி தன் மதிப்பை மற்றக் குறிகளிலிருந்து வேறுபடுவதால் பெறுகிறது. நம்மிடம் இதற்குப் பாடப்புத்தக உதாரணத்தைவிட நல்ல உதாரணம் இருக்கிறது, தோரணம். தென்னங்குருத்து அதே குருத்து. மங்கலத் தோரணத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத் தோரணத்துக்கு வேறொரு மடிப்பு. கட்டத் தெரிந்த ஒரு பெரியவர் தூரத்தில் நின்று பார்த்தாலே இது கல்யாண வீடா செத்த வீடா என்று சொல்லிவிடுவார். மடிப்புக்குத் தனியாக ஒரு துக்கமும் கிடையாது, மற்ற மடிப்பு இருப்பதால்தான் இந்த மடிப்புக்கு அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இரண்டும் "அழகான ஓலை அலங்காரம்", அவருக்கு வேறுபாடே தெரியாதபோது அர்த்தம் எங்கே வரும்?

அடுத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பேர்ஸ். குறி தன் பொருளோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று பார்த்து மூன்றாகப் பிரித்தார். பொருளைப் போலவே இருப்பது ஐகான், பொருளோடு நேரடித் தொடர்பால் அதைச் சுட்டுவது இன்டெக்ஸ், பழக்கத்தால் மட்டும் பொருள் தருவது சிம்பல். மலையில் புகை கண்டு நெருப்பு இருக்கிறது என்று அறிவதாக நம் தர்க்க நூல்களில் வருகிறதே, அது சுத்தமான இன்டெக்ஸ். பிள்ளையார் சுழி, முஸ்லிம் கடைப் பில் புத்தகத்தின் தலையில் 786, இவை சிம்பல். ஆனால் மூன்றையும் மூன்று பெட்டியாக நினைக்காதீர்கள். ஒரே குறியில் மூன்றும் கலந்திருக்கும், எது எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

இன்டெக்ஸ் எவ்வளவு ஆபத்தான சாமான் என்பதற்கு நம் கரையோரத்துச் சுனாமிப் பலகையைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தப் படம் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லாத படமாகிவிட்டது. பின்னால் அலை, முன்னால் மேட்டை நோக்கி ஓடுகிற ஆள். அலையும் ஆளும் ஐகான், பார்த்தவுடன் புரியும். பலகையில் வழி காட்டுகிற அம்பு வேறு சாதி, அதுதான் இன்டெக்ஸ். அம்பு தன் இடத்தில் நிற்கும்வரைதான் உண்மை பேசும். கம்பம் சாய்ந்து பலகை திரும்பிவிட்டால் அதே அம்பு, அதே நிறம், அதே தரமான அச்சு, சனத்தைக் கடலுக்குள் அனுப்பும். கணினித் திரையில் மட்டும் வேலை செய்துவிட்டு, பலகை எங்கே நடப்படும், எந்தப் பக்கத்திலிருந்து வாகனம் வரும் என்று போய்ப் பார்க்காத டிசைனர் அம்புக்குறி போடக் கூடாது என்பது என் கட்சி.

ஐகான் மட்டும் சுலபமா என்றால் அதுவும் இல்லை. சேமிக்கிற பொத்தானில் இன்னும் புளொப்பி டிஸ்க் இருக்கிறது. அதைக் கையில் பிடித்தவருக்கு அது ஐகான், உங்கள் வயதுக்காரருக்கு அது ஒரு சதுரச் சிம்பல். படம் மாறவில்லை, பார்க்கிறவர் மாறிவிட்டார். இதையே நம் கோட்டை வாசலிலும் காணலாம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கட்டிய கோட்டை அது, பிறகுதான் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வந்தது. வாசற் கல்லில் இரண்டு கயல் செதுக்கியிருக்கிறது. சரித்திரம் தெரிந்தவர் பாண்டியர் சின்னம் என்று நின்று பார்ப்பார். மற்றவருக்கு அது மீன், கடற்கரை ஊர்தானே என்று போய்விடுவார். அந்தக் கல்லைப் படிக்கிற பழக்கம் ஊரில் குறைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

இனிமேல்தான் டிசைனின் உண்மையான விளையாட்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்ட் பார்த் 1964 இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்து அலசினார். கம்பனியின் பெயர் பன்சானி. வலைப் பையிலிருந்து தக்காளி, மிளகாய், பாஸ்தாப் பொட்டலம் வெளியே சரிகிற படம். நேர்ப்பொருள் காய்கறி. ஆனால் சிவப்பு, மஞ்சள், பச்சை சேர்ந்த நிறமும் அந்தப் பெயரின் ஓசையும் ஒன்றுகூடி "இத்தாலித்தனம்" என்கிற ஒன்றைத் தருகிறது என்றார். இதில் எனக்குப் பிடித்தது அவர் அதோடு சேர்த்துச் சொன்னதுதான்: இந்த இத்தாலித்தனம் பிரெஞ்சுக்காரருக்குத்தான் தெரியும், இத்தாலிக்காரருக்கு அது பெரிதாக உறைக்காது. ஏனென்றால் அது சுற்றுலாப் பயணியின் மனத்தில் உள்ள இத்தாலி.

இந்த உட்பொருள் விஷயம் நமக்குப் புதிதா? நெய்தல் திணையில் கடலும் புன்னையும் எற்பாடும் வந்தாலே இரங்கல் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும், தலைவி வாயைத் திறக்க வேண்டியதில்லை. கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்துகிற அந்த வேலையைத்தான் இன்று ஒரு நல்ல போஸ்டர் செய்கிறது. அந்த மரபு தெரியாதவருக்குப் புன்னை வெறும் மரம் என்பதும் அதே விதிதான்.

இப்போது உங்கள் தென்னை மரத்துக்கு வாருங்கள். சரிந்த தென்னையும் நீலக் கடலும் ஊஞ்சல் வலையும் பெர்லினில் இருப்பவருக்கு விடுமுறை. சாம்பல்தீவில் இருப்பவருக்கு அது வளவு, தேங்காய், ஓலை விழுந்தால் ஓடு உடையுமே என்கிற கவலை. நிலாவெளி, உப்புவெளிப் பெயர்ப்பலகைகளில் பாதியில் இந்தத் தென்னை நிற்கிறது. பிழை என்று சொல்ல மாட்டேன், யாருக்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டால் சரி. ஆனால் எல்லோரும் அதையே போட்டபிறகு அது யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. வேறுபாடு போனால் குறியும் போயிற்று.

ஆபத்துக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே கதைக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஊகத்துக்கு இடமில்லை. போர் முடிந்த காலத்தில் வடக்கு கிழக்கில் சிவப்புப் பலகையில் மண்டையோடும் எலும்பும் போட்டு மிதிவெடி எச்சரிக்கை நட்டிருந்தார்கள். அதைப் பார்த்தால் கால் தானாக நிற்கும். அதே ஊர்க்காரர் கோயிலில் காளியின் கழுத்தில் மண்டையோட்டு மாலையைப் பார்த்துக் கைகூப்பிக் கிட்டப் போவார். மண்டையோடு இயற்கையாகவே எல்லோரையும் விரட்டும் என்று நினைத்தால் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பலகையை நடுவதோடு நில்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்தும் கொடுத்தார்கள், அதனால்தான் அது வேலை செய்தது.

உயிரியல் அபாயக் குறியை 1966 இல் உருவாக்கியவர்கள் இதை நன்றாகவே யோசித்தார்கள். பார்த்தால் மறக்கக் கூடாது, ஆனால் ஏற்கெனவே எந்த அர்த்தமும் அதற்கு இருக்கக் கூடாது, பிறகு நாமே அர்த்தத்தைப் படிப்பிக்கலாம் என்பது அவர்கள் வழி. மாறாக, கதிர்வீச்சுக்கான மூன்றிதழ்க் குறி 1946 இல் அமெரிக்காவில் பேர்க்லியில் பிறந்தது. பல நாட்டில் சாதாரண மக்களுக்கு அது எதையும் உணர்த்தவில்லை என்று தெரிந்ததால், 2007 இல் சர்வதேச அணுசக்தி முகமை மேலதிகமாக இன்னொரு குறியைக் கொண்டுவந்தது. அதில் மூன்றிதழோடு கதிர் அலைகள், மண்டையோடு, ஓடுகிற ஆள் எல்லாம் உண்டு. 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்த பிறகுதான் வெளியிட்டார்கள். வடிவமாகப் பார்த்தால் பழையது எவ்வளவோ அழகு. ஆனால் உயிர் போகிற இடத்தில் அழகுக்கு மதிப்பெண் இல்லை.

செஞ்சிலுவைக் குறியும் இதே வகுப்பில் வரும். 1864 ஜெனீவா உடன்படிக்கையில் வந்தது, சுவிஸ் கொடியின் நிறத்தை மாற்றிப்போட்ட வடிவம். நடுநிலை என்று காட்டத்தான் வைத்தார்கள், ஆனாலும் பார்த்தவர்களில் பலர் அதில் சிலுவையைக் கண்டார்கள். 1876 இல் உஸ்மானியப் பேரரசு பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. கடைசியில் 2005 இல், மதமும் நாடும் எதுவும் ஒட்டாத செம்படிகம் என்கிற சிவப்புச் சதுரத்தைச் சேர்த்தார்கள். ஒரு நல்ல நோக்கம் குறியின் அர்த்தத்தைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இதுவே போதும். அப்புறம் ஒன்று, மருந்துக்கடைக்கோ கிளினிக்குக்கோ வேலை வந்தால் செஞ்சிலுவையைப் போடாதீர்கள். அது சட்டத்தால் காக்கப்பட்ட சின்னம், ஊரில் பலர் போடுகிறார்கள் என்பதால் சரியாகிவிடாது.

இலங்கையில் வேலை செய்கிற டிசைனருக்கு இன்னொரு கண்ணிவெடியும் உண்டு, தேர்தல் சின்னம். வெளிநாட்டுப் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இருக்காது. விருந்தினர் விடுதிக்கு ஒரு வீடு வரையலாம் என்று தோன்றும், வீடு தமிழரசுக் கட்சி. வாடகைச் சைக்கிள் கடைக்குச் சைக்கிள், அது தமிழ்க் காங்கிரஸ். மரம் முஸ்லிம் காங்கிரஸ், யானை ஐக்கிய தேசியக் கட்சி, தொலைபேசி ஐக்கிய மக்கள் சக்தி. படகுச் சேவை என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது திசைகாட்டி. அது 2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியின் சின்னம். அதற்குப் பிறகு திசைகாட்டியைப் போட்டுவிட்டு "நான் கடலைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், யார் நம்புவார்? வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாசிப்பு வரும் என்று தெரிந்து, வடிவத்தையோ நிறத்தையோ போதுமான அளவு விலக்கி வரைய வேண்டும்.

நிறமும் அப்படித்தான். தேசியக் கொடியில் செம்மஞ்சள் பட்டை தமிழரையும் பச்சைப் பட்டை முஸ்லிம்களையும் குறிக்கிறது. அதே பச்சை தேர்தல் காலத்தில் யானைக் கட்சி, பள்ளிவாசல் சுவரில் வேறு, மூலிகை மருந்துக் கடையில் வேறு. மூன்று சமூகமும் கலந்து வாழ்கிற இந்த ஊரில், "பச்சை என்றால் இயற்கை" என்று எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2013 இல் ஹலால் இலச்சினைக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பொட்டலத்தின் மூலையில் சின்னதாகக் கிடந்த ஒரு தகவல் குறி, சில மாதப் பிரசாரத்தில் நாட்டுச் சண்டையாகி, உள்நாட்டுப் பொருட்களிலிருந்து அதை எடுக்க, ஹலால் சான்று வழங்கிய ஜம்இய்யத்துல் உலமா இணங்க வேண்டி வந்தது. வரைந்த கோடு ஒன்றுகூட மாறவில்லை.

எழுத்தின் வடிவமும் ஒரு குறிதான், இதை டிசைன் வகுப்புகளில் போதிய அளவு பேசுவதில்லை. 1957 இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்ரீ என்பது இரண்டு பக்கமும் மங்கலமாகச் சொல்கிற ஓசை, ஓசையில் சண்டை இல்லை. எந்த எழுத்தில் எழுதுவது என்பதில்தான் எல்லாமே. 1958 இல் இங்கே தகட்டில் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, இதே திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்றப் போன நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு துண்டுத் துணியின் நிறம், ஓர் எழுத்தின் வளைவு. குறியியல் பரீட்சைக்கு மட்டும்தானா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கும் மும்மொழிப் பலகையில் எது மேலே, எது பெரிது, எதற்கு நல்ல எழுத்துரு, எது கடைசியில் நெருக்கித் தள்ளப்பட்டது என்பதைச் சனம் ஒரு சொல் வாசிக்க முன்னரே வாசித்துவிடுகிறது. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆனால் கிழிந்த எழுத்துருவில் எழுத்துப்பிழையோடு நிற்கிற தமிழ் வரி வேறொன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உங்கள் படகுச் சேவைக்கு மூன்று மொழியிலும் பெயர் வரும்தானே? மூன்று எழுத்தின் தடிப்பும் உயரமும் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற மாதிரி அமைக்கப் பாருங்கள். ஒரே பொயின்ற் அளவு கொடுத்தால் சமமாகத் தெரியாது, தமிழ் எழுத்து அகலம் கேட்கும், சிங்களம் மேலும் கீழும் இடம் கேட்கும். கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்.

சரி, உங்கள் வட்டத்துக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம். நங்கூரம்: கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கிற ஊரில் நங்கூரம் என்றால் முதலில் நேவி. வெள்ளைக்காரருக்கு அப்படித் தோன்றாது, ஆனால் உங்கள் படகில் ஏறப்போவது அவர்கள் மட்டுமா? எடுங்கள். மான்: கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் திரிகிற புள்ளிமான் இந்த ஊரின் செல்லம், உண்மைதான், ஆனால் கடலுக்குள் அதற்கு வேலை இல்லை. திமிங்கிலத்துக்குப் பக்கத்தில் நின்றால் மிருகக்காட்சிச்சாலை என்று வாசிப்பார்கள். கோபுரம்: அது தனியே நின்றால் கோயில் யாத்திரைச் சேவை. சூரியன்: கதிர் போட்டு வரைந்தால் உதயசூரியன், அதுவும் ஒரு கட்சிச் சின்னம், மேலே சொன்ன தேர்தல் கதைதான். தென்னையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மிச்சம் திமிங்கிலம். முழு உடம்பை வரையாதீர்கள். படகில் போகிறவர் முழுத் திமிங்கிலத்தைக் காண்பதே இல்லை. முதுகு ஒரு கீற்று, ஒரு நீர்த்தாரை, ஆழத்துக்குப் போகும்போது தூக்குகிற வால், அவ்வளவுதான். வால் ஒரு ஐகானாகவும், "இப்போதுதான் உள்ளே போனது" என்று சுட்டுகிற இன்டெக்ஸாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் உலகம் முழுக்கத் திமிங்கிலச் சேவைகள் வாலைத்தான் போடுகின்றன, தெற்குக் கரையில் மிரிஸ்ஸவிலும் அதுதான். எனவே இந்த ஊருக்கென்று ஒன்றே ஒன்று வேண்டும், ஒன்றுக்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையின் செங்குத்து விளிம்பைக் கடலிலிருந்து பார்த்தபடி எடுப்பேன். கரையிலிருந்து எடுத்த போஸ்ட்கார்ட் படங்களில் கிடைக்காத கோணம், படகில் போய் வருகிறவர் மட்டும் காண்கிற விளிம்பு. கோபுரத்தைத் தனியே வரையாமலே ஊர்க்காரருக்குக் கோணேசர் அதில் இருப்பார், மற்றவருக்கு அது ஒரு மலைமுகம், அதில் ஒரு பிழையும் இல்லை. மலைவிளிம்பின் கோடு இறங்கி வாலின் வளைவாக முடிகிறதா என்று கீறிப் பாருங்கள். முடியாவிட்டால் வலிந்து ஒட்டாதீர்கள், வாலை விட்டுவிட்டு மலையை மட்டும் வைத்து, பெயருக்குள் திமிங்கிலத்தைச் சொல்லலாம். படம் பல அர்த்தத்துக்குத் திறந்து விடுவதைச் சொல் வந்து ஒன்றில் கட்டிப்போடட்டும், இதையும் அதே ரோலண்ட் பார்த் எழுதியிருக்கிறார்.

கீறியதைக் கறுப்பு ஒற்றை நிறத்தில், விரல்நக அளவில் அச்செடுத்து, அநுராதபுரச் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர் ஒருவரிடமும், கிண்ணியாவிலிருந்து வருகிற ஒருவரிடமும், விடுதியில் தங்கியிருக்கிற ஒரு வெளிநாட்டவரிடமும் காட்டுங்கள். வடிவாக இருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் வடிவுதான் என்பார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள், எந்த ஊர், இதை எந்தக் கட்சிக்காரர் நடத்துகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கட்சியின் பெயர் வந்தால் திரும்பக் கீறத் தொடங்குங்கள்.